திரையில் துளிர்த்த மரம்: ஏ.ஆர். போன்சாய் பிறந்த கதை

மணலிக்கும் மாதவரத்துக்கும் நடுவில் இருக்கிறது மாத்தூர். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு இங்கே மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால், வெடிப்பிலும் மழைநீர்க் குழாயின் இடுக்கிலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் அரசும் ஆலும் இச்சியும் முளைத்து நிற்பது தெரியும். காகமும் மைனாவும் பழத்தைத் தின்று எச்சத்தோடு போட்டுவிட்டுப் போன விதைகள். விட்டுவைத்தால் சுவர் பிளக்கும் என்பதால் வீட்டுக்காரர் பிடுங்கி எறிந்துவிடுவார். சின்னச் சட்டியில் குறுமரமாகப் போன்சாய் வளர்ப்பவரோ அதே கன்றைத் தேடி வந்து, கெஞ்சிக் கேட்டு வாங்கிப் போவார். பிடி மண்கூட இல்லாத இடத்தில் இரண்டு மூன்று வருஷம் தாக்குப்பிடித்த கன்றுக்கு அடித்தண்டு பருத்திருக்கும், வேர் முறுக்கேறியிருக்கும், வயதான மரத்தின் சாயல் தானாகவே வந்திருக்கும். நர்சரியில் காசு கொடுத்தாலும் அப்படி ஒரு கன்று லேசில் கிடைக்காது.

கன்று கிடைத்த பிறகுதான் கலக்கம் ஆரம்பிக்கிறது. எந்தக் கிளையை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது? போன்சாய் கலையின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விதான். வெட்டிய கிளையைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. சின்னச் சட்டியில் வேர் ஒடுங்கி வாழும் மரத்தில் அதே இடத்தில் அதே பருமனுக்கு இன்னொரு கிளை வருவதற்கு வருஷக்கணக்கில் ஆகும். அதனால்தான் புதிதாக வளர்ப்பவர்களின் சட்டிகளில் இரண்டு விதமான செடிகளையே அதிகம் பார்க்கிறோம்: பயந்து வெட்டாமல் விட்டதால் புதராகிப் போனவை, துணிந்து வெட்டித் தள்ளியதால் குச்சியாக நிற்பவை. ஜப்பானில் ஒரு குருவிடம் ஐந்தாறு வருஷம் இருந்து, அவர் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகுகிறது. மாத்தூரில் இருப்பவருக்கு அந்த வசதி ஏது?

வெட்டுவதற்கு முன்னால் வெட்டிப் பார்க்க ஒரு வழி வேண்டும். ஏ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்கிற ஆகுமென்டட் ரியாலிட்டி இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. செல்போன் கேமராவைச் செடியின் மேல் காட்டுகிறோம். திரையில் நம் செடியும் நம் மாடியும் அப்படியே தெரிகின்றன. அந்தக் காட்சியின் மேலேயே ஒரு கிளையை மறைத்துப் பார்க்கலாம், இன்னொன்றை வளைத்துப் பார்க்கலாம், மூன்று வருஷம் கழித்து மரம் எப்படி நிற்கும் என்று வளர்த்தும் பார்க்கலாம். இதற்கு வேண்டிய பாகங்கள் ஒவ்வொன்றும் இன்று தனித்தனியாக இருக்கின்றன. அவை பிறந்த இடங்களும் காலங்களும் வேறு வேறு. ஏ.ஆர். என்ற மாயக் கண்ணாடியைச் செய்தவர்களுக்கே இதில் எல்லாப் புகழும் போய்ச் சேருகிறது. என் கணிப்பில், வெட்டுப்பட்ட மரம் எங்கே துளிர்க்கும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே இதன் உண்மையான தாய் தகப்பன்.

1968-ஆம் ஆண்டு. இங்கே மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரி கட்டுமானம் நடந்துகொண்டிருந்த காலம். அடுத்த ஆண்டு அது ஓடத் தொடங்கியது. அந்த 1968-இல் அமெரிக்காவில் வேறு வேறு துறைகளைச் சேர்ந்த இரண்டு பேர் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டார்கள்.

ஒருவர் ஐவன் சதர்லேண்ட். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தன் மாணவர் பாப் ஸ்ப்ரூலோடு சேர்ந்து, தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு காட்சிக் கருவியைச் செய்தவர். கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சிறிய படக்குழாய்கள், முன்னால் பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடி. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளப்பதற்காகக் கூரையிலிருந்து ஒரு கம்பம் இறங்கித் தலைக்கவசத்தோடு இணைந்திருக்கும். மாட்டிக்கொண்டவருக்கு அறையும் தெரிந்தது, அறையின் நடுவே கோடுகளால் ஆன ஒரு கனசதுரம் மிதப்பதும் தெரிந்தது. அவர் நகர்ந்தால் கனசதுரத்தின் வேறு பக்கம் தெரியும்; கனசதுரம் மட்டும் இடம் மாறாது. இல்லாத பொருள் இருக்கும் இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும் என்பதே ஏ.ஆரின் முதல் விதி. அது அன்றைக்கே வந்துவிட்டது.

இன்னொருவர் அரிஸ்டிட் லிண்டன்மேயர். ஹங்கேரியில் பிறந்த உயிரியலாளர். பாசி இழையில் செல்கள் எப்படிப் பெருகுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தவர், அதை இரண்டே விதிகளில் எழுத முடியும் என்று காட்டினார். பெரிய செல் பிரிந்தால் ஒரு பெரியதும் ஒரு சிறியதும் ஆகும்; சிறிய செல் வளர்ந்தால் பெரியது ஆகும். தாளில் போட்டுப் பாருங்கள். 'பெ' என்று ஆரம்பித்தால் அடுத்தது 'பெ சி', அதற்கடுத்து 'பெ சி பெ', பிறகு 'பெ சி பெ பெ சி'. செல்களின் எண்ணிக்கை 1, 2, 3, 5, 8 என்று போகும். எங்கே கிளை பிரிகிறது, எங்கே அது முடிகிறது என்பதற்குக் குறிகள் சேர்த்தவுடன் அதே முறையில் பெரணியும் பூஞ்செடியும் மரமும் வரையலாம் என்றாயிற்று. அவர் பெயரை வைத்து இதை எல்-சிஸ்டம் என்கிறார்கள்.

போலந்தில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ப்ரெஷெமிஸ்வாவ் ப்ருசின்கியேவிச் இந்த வழியைக் கையில் எடுத்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து எழுதிய 'தி அல்காரிதமிக் பியூட்டி ஆஃப் பிளான்ட்ஸ்' 1990-இல் வந்தது. லிண்டன்மேயர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். அந்தப் புத்தகத்தில் இருக்கும் செடிகள் பார்க்க அழகானவை. ஆனால் அவை பெரும்பாலும் தங்கள் விதிப்படி தாங்களே வளர்பவை. கத்திரிக்கோல் பட்டால் என்ன செய்வது என்று அவற்றுக்குத் தெரியாது.

அதைக் கற்றுக்கொடுத்தது 1994. கால்கரி பல்கலைக்கழகத்தில் ப்ருசின்கியேவிச்சும் மார்க் ஜேம்ஸும் ராடோமிர் மெக்கும் 'சிந்தெடிக் டோப்பியரி' என்ற ஆய்வை சிக்ராஃப் என்ற கம்ப்யூட்டர் வரைகலை மாநாட்டில் வைத்தார்கள். செடியை உருண்டையாக, கூம்பாக, விலங்கு வடிவமாக வெட்டி வளர்க்கும் ஐரோப்பியத் தோட்டக்கலையைக் கம்ப்யூட்டரில் செய்து காட்டுவது அதன் நோக்கம். ஒரு வடிவத்தின் எல்லையைச் சொல்லிவிட்டால், எல்லையைத் தாண்டி நீளும் கிளை வெட்டப்படும். வெட்டியவுடன் கீழே உறங்கிக்கிடந்த மொட்டுக்குச் செய்தி போகும். அது விழித்துப் பக்கக் கிளை விடும். மறுபடி எல்லை, மறுபடி வெட்டு. கொஞ்ச நேரத்தில் உருவம் அடர்த்தியாக நிரம்பிவிடும்.

அந்த விதி அவர்கள் கற்பனை செய்ததல்ல. செடிமுருங்கை போடும் நம் விவசாயிகள் கன்று இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுகிறார்களே, அதே விதிதான். நுனி மொட்டு இருக்கும்வரை பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனியில் உண்டாகி அடிநோக்கி இறங்கும் ஆக்சின் என்ற பொருளுக்கு இதில் பங்கு உண்டு என்பதை கென்னத் திமானும் ஃபோல்க் ஸ்கூகும் 1930-களில் மொச்சை இனச் செடி ஒன்றில் சோதித்துக் காட்டினார்கள். நுனியை வெட்டினார்கள், பக்க மொட்டுகள் கிளம்பின. வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தார்கள், அவை கிளம்பவில்லை. மரத்தின் நீளம், அடர்த்தி, உருவம் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருக்கிறது. போன்சாய்க்காரர் கத்திரிக்கோலால் அதில் குறுக்கிடுகிறார். 1994-இல் கம்ப்யூட்டர் மரமும் அந்தப் பேச்சைக் கேட்கத் தொடங்கியது. 2012-இல் அதே கால்கரிக் குழு 'ட்ரீஸ்கெட்ச்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. ஐபேட் திரையில் விரலை இழுத்த பக்கம் மரம் வளரும்; கிளையை வளைக்கலாம், வெட்டலாம். மரம் விரலுக்கு அடியில் வந்து சேர்ந்துவிட்டது.

கண்ணாடியின் கதைக்கு வருவோம். சதர்லேண்டுக்குப் பிறகு அந்தக் கலை நீண்ட நாள் ஆய்வகங்களுக்குள்ளேயே கிடந்தது. 1990 வாக்கில் போயிங் விமான நிறுவனத்தில் டாம் காடெலும் டேவிட் மைசெலும் ஒரு தொழிற்சாலைச் சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். விமானத்துக்குள் போகும் மின்கம்பிக் கட்டுகளை நீளமான பலகைகளின் மேல் வைத்துத்தான் தயார் செய்வார்கள். எந்தக் கம்பி எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஒவ்வொரு வகைக்கும் தனிப் பலகை, தனி வரைபடம். அதற்குப் பதிலாகத் தொழிலாளியின் கண்ணாடியிலேயே கம்பியின் பாதையைக் காட்டிவிட்டால் ஒரே பலகை போதுமே என்று யோசித்தார்கள். ஆகுமென்டட் ரியாலிட்டி என்ற பெயர் அவர்கள் வைத்தது. 1992-இல் கட்டுரையாக வந்தது. எண்ணூரிலும் மணலியிலும் ஃபிட்டராக, எலக்ட்ரீஷியனாக வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தேவை சட்டென்று புரியும். கையில் வேலை இருக்கும்போது புத்தகத்தைப் புரட்ட முடியாது. கிளையில் கம்பி சுற்றும்போதும் அதே நிலைமைதான்: ஒரு கை கிளையைப் பிடித்திருக்கும், இன்னொன்று கம்பியைப் பிடித்திருக்கும்.

அடுத்த படி ஹிரோஷிமாவைச் சேர்ந்தது. ஹிரோஷிமா நகரப் பல்கலைக்கழகத்தின் ஹிரோகாசு காடோ 1999-இல் ஏ.ஆர்.டூல்கிட் என்ற மென்பொருளை உருவாக்கினார். அட்டையில் அச்சிட்ட ஒரு கறுப்புச் சதுரத்தைக் கேமராவுக்குக் காட்டினால் அதன் மேல் உருவம் எழுந்து நிற்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அது திறந்துவிடப்பட்டதால், விலை உயர்ந்த கருவி இல்லாதவர்கள் கைக்கும் ஏ.ஆர். வந்தது. இதே ஹிரோஷிமாவில்தான் யாமாகி குடும்பத்தின் போன்சாய் பைன் இருந்தது. 1625 முதல் சட்டியில் பராமரிக்கப்பட்டுவரும் அந்த மரம் 1945 ஆகஸ்ட் 6 அணுகுண்டைத் தாங்கி நின்றது. 1976-இல் மசாரு யாமாகி அதை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார். இன்று வாஷிங்டனில் தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது குண்டுக்குத் தப்பிய மரம் என்பது 2001-இல் யாமாகியின் பேரன்கள் வந்து சொன்ன பிறகுதான் அங்கிருந்தவர்களுக்கே தெரிந்தது. ஒரு மரத்தின் வரலாறு அதை வளர்த்தவர் மனதிலேயே தங்கிப் போகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மீதிப் படிகளை வேகமாகவே சொல்லிவிடலாம். 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கெயார்க் கிளைனும் டேவிட் முர்ரேயும் கறுப்பு அட்டை இல்லாமலேயே கேமரா தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும் முறையைச் செய்து காட்டினார்கள். 2017-இல் ஆப்பிளின் ஏ.ஆர்.கிட் வந்தது, 2018 தொடக்கத்தில் கூகுளின் ஏ.ஆர்.கோர் முழுமையாக வந்தது. கொரோனா பொது முடக்கத்தின்போது பிள்ளைகள் வீட்டுக் கூடத்தில் ஏ.ஆர். புலியை நிற்க வைத்துப் படம் எடுத்து விளையாடினார்களே, அது இந்த வழியில் வந்ததுதான்.

மாத்தூர் வீடு ஒன்றில் செடியை ஏ.ஆரில் பார்ப்பது எப்படி நடக்கும் என்று கிட்டத்தில் பார்க்கலாம். கேமரா மரத்தையோ தரையையோ நம்மைப்போலப் பார்ப்பதில்லை. ஒளியும் இருளும் சட்டென்று மாறும் புள்ளிகளைத் தேடுகிறது; நூற்றுக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்கிறது; போன் அசையும்போது அவை எவ்வளவு நகர்ந்தன என்று கணக்குப் போட்டுத் தான் இருக்கும் இடத்தை அறிகிறது. பழைய மொசைக் தரை இதற்கு அருமையான இடம்: எங்கே பார்த்தாலும் புள்ளி. வெயில் தாங்க வெள்ளை பெயின்ட் அடித்த மாடித்தளத்தில் உச்சி வெயிலில் போனைப் பிடித்தால் பிடிமானம் இல்லாமல் திரை மரம் வழுக்கிக்கொண்டு போகும். இலை ஆடினாலும் தொல்லை. கடற்காற்று நிற்காத வடசென்னையில் ஆடாத இலை ஏது? ஆகவே செடியைக் கூடத்துக்குள் கொண்டுவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் மொசைக் தரையில் வைத்து, நாலு பக்கமும் மெதுவாகச் சுற்றி வந்து படம் எடுப்பதே நல்லது. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி இலையில் படிந்திருந்தால் முதலில் கழுவிவிட வேண்டும்.

இலை உதிர்ந்த நேரம் அதைவிட நல்லது. மாசி, பங்குனியில் அரசு இலையைக் கொட்டிவிட்டு நிற்கும் சில நாட்களில் கிளைகளின் எலும்புக்கூடு முழுக்கத் தெரியும். வெட்டும் முடிவை எடுக்கவும் அதுதான் நல்ல சமயம், கேமராவுக்கும் அதுதான் நல்ல சமயம்.

இனி இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். திரை மரம் எந்த மரத்தின் விதிப்படி வளர்கிறது? போன்சாய் சீனத்தில் தோன்றியது, கி.பி. 706-இல் அமைந்த இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்தில் சட்டியில் சிறு செடி ஏந்திய பணியாளர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் அது முழுமையான கலையாக முதிர்ந்தது. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவை விட்டு வெளியேறிய வளர்ப்பாளர்கள் 1925-இல் ஓமியாவில் தங்களுக்கென ஒரு கிராமத்தையே அமைத்துக்கொண்டார்கள். ஆகவே புத்தகங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் அந்த ஊர் மரங்களையே பேசுகின்றன: பைன், ஜூனிபர், மேப்பிள். பைனிலோ ஜூனிபரிலோ ஒரு கிளையில் பச்சை எதுவும் மிஞ்சாமல் வெட்டிவிட்டால் பெரும்பாலும் அந்தக் கிளை செத்துப்போகும். ஆலும் இச்சியும் அப்படி இல்லை. மொட்டையாக வெட்டினாலும், பால் வடிந்து உலர்ந்த பிறகு பழைய பட்டையிலிருந்தே துளிர் கிளம்பும். ஆரோக்கியமான இச்சியின் இலைகளை முழுக்கக் கிள்ளி எடுத்தால் அடுத்து வரும் இலைகள் சிறுக்கும். ஜூனிபரில் அதைச் செய்தால் மரமே போய்விடும். கம்பி விஷயமும் அப்படித்தான். அங்கே பல மாதங்கள் விட்டுவைக்கும் கம்பி, நம் ஊர் வெயிலிலும் ஈரக் காற்றிலும் வேகமாகப் பருக்கும் இச்சியில் சில வாரங்களிலேயே பட்டையைக் கடித்துத் தழும்பு போட்டுவிடும்.

ஜூனிபர் விதியில் பழகிய ஒருவர் ஆலங்கன்றின் முன் தேவையில்லாமல் பயப்படுவார். ஆல் விதியில் பழகியவர் ஜூனிபரைக் கொன்றுவிடுவார். திரையில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் விதி வேறு மரத்தினுடையது என்றால் அந்தப் பயிற்சி ஆளைத் தப்பான வழியில்தான் விடும். விழுதுக்கு ஒரு விதி வேண்டும். அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் நடுத்தண்டு 1989 புயல் காற்றில் சாய்ந்த பிறகும் மரம் விழுதுகளின் மேல் நிற்கிறது. ஆலை ஆலாக ஆக்குவது அந்த விழுதுதான். நமக்கான ஏ.ஆர். போன்சாயில் விழுது இறங்க வேண்டும், ஈரக் காற்றில் அது நீள வேண்டும், மண்ணைத் தொட்டதும் தண்டாகப் பருக்க வேண்டும். கொடுக்காய்ப்புளிக்கும் புளிக்கும் காகிதப்பூவுக்கும் இப்படி அவரவர் குணம் உண்டு.

திரையால் ஆகாதவையும் உண்டு. கிளை வளைகிறதா, முறியப்போகிறதா என்று விரல்தான் சொல்லும். மண்ணில் ஈரம் எவ்வளவு என்பதும் விரல் அறிகிற விஷயம். தொடு உணர்வைக் கருவி வழியாகக் கொடுப்பது பற்றிய ஆய்வு சென்னை ஐஐடியிலேயே பேராசிரியர் எம். மணிவண்ணனின் ஆய்வகத்தில் நடந்துவருகிறது. அவர் வழிநடத்தும் எக்ஸ்டிக் மையம் ஏ.ஆர்., வி.ஆர். துறைக்கென்றே இயங்குவது. முறியும் தருணத்தைக் கையில் உணர்த்தும் ஒரு பயிற்சிக் கருவி என்றாவது வருமானால் அது கிண்டியில் பிறப்பது பொருத்தமாக இருக்கும். அதுவரை கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள அலுமினியக் கம்பியை எடுத்து, வெட்டிப்போட்ட கிளைகளில் சாய்வாகச் சுற்றி வளைத்துப் பார்த்துத்தான் கை பழக வேண்டும்.

மென்பொருள் எழுத இங்கே ஆள் இல்லாமல் இல்லை. பயன்படுத்தவும் ஆள் உண்டு: தமிழ்நாட்டின் பள்ளிப் புத்தகங்களில் 2018 முதல் கியூ.ஆர். குறியீடு இருக்கிறது, கேமராவை நீட்டிப் படிப்பது பிள்ளைகளுக்குப் பழகிப்போனது. குறைவது மரங்களின் கணக்குதான். ஓர் இச்சிக் கிளையை மூன்றாவது கணுவுக்கு மேலே வெட்டினால் எத்தனை நாளில், எந்தக் கணுவில், எத்தனை துளிர் வருகிறது? சித்திரையில் வெட்டினால் எப்படி, கார்த்திகையில் வெட்டினால் எப்படி? இந்தக் கணக்கு இருந்தால்தான் லிண்டன்மேயர் வழியில் நம் மரத்துக்கு விதி எழுத முடியும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் மாநிலத் தோட்டக்கலைத் துறையும் ஐஐடியும் கைகோத்தால் இது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. மாணவர்களுக்கு நல்ல ஆய்வுத் திட்டமாகவும் இருக்கும். செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவர்கள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த மழைக்கு உங்கள் கைப்பிடிச் சுவரில் முளைக்கும் ஆலையோ அரசையோ வேரோடு நோகாமல் எடுத்து, செங்கல் துண்டும் கரடு மணலும் மட்கிய எருவும் கலந்த சட்டியில் வையுங்கள். அது நன்றாக வேர் பிடித்த பிறகு, கத்திரிக்கோலைத் தொடும் ஒவ்வொரு முறையும் வெட்டுவதற்கு முன் ஒரு படம், வெட்டியதும் ஒரு படம், பிறகு வாரத்துக்கு ஒன்று, அதே இடத்தில் அதே கோணத்தில் எடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள். நம் மரங்களுக்கான விதியை எழுத வருகிறவர் முதலில் கேட்கப்போவது அந்தப் படங்களைத்தான்.